கடைமடைக்கு அப்டேட் வரும்வரை: ஆஃப்லைன் இன்ஸ்டாலரை நம்பி ஆடுகிறவர்களுக்கு

போன பொங்கல் லீவு முழுக்க அக்கா மகன் திருத்துறைப்பூண்டியில் என் ஜெராக்ஸ் கடையில்தான் கிடந்தான். கடைக் கம்ப்யூட்டரில் அவனுக்காக ஒரு ஆட்டம் போட்டு வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கியதுதான். லீவு முடிந்த அன்று சேவ் ஃபைலை (ஆட்டத்தை எங்கே விட்டானோ அந்தப் பதிவு) பென் டிரைவில் எடுத்துக்கொண்டான். நான் ஆட்டம் வாங்கிய அதே இணைய ஸ்டோரில், அதே அக்கவுண்டில் இருந்து ஆஃப்லைன் இன்ஸ்டாலரை (இணையம் இல்லாமலே ஆட்டத்தை நிறுவும் முழு ஃபைல்) இறக்கி, ஹார்டு டிஸ்க்கில் போட்டு, பைக் டேங்க் கவரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் கழித்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“மாமா, சேவ் தெறக்க மாட்டேங்குது. நீங்க கொண்டாந்தது பழசு.”

பார்த்தால் அவன் சொன்னது சரி. கடையில் ஓடியது வெர்ஷன் 1.4. இன்ஸ்டாலரில் இருந்தது 1.3. கடைக் கம்ப்யூட்டரில் இருந்த ஸ்டோரின் கிளையன்ட் (ஆட்டங்களை இறக்கி நிறுவும் ஸ்டோரின் சொந்த நிரல்), யாரையும் கேட்காமல் நடு லீவில் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. இன்ஸ்டாலர் பக்கம் அப்டேட் வந்து சேரவே இல்லை. புது வெர்ஷனில் எழுதிய சேவ் ஃபைலைப் பழைய வெர்ஷன் திறக்காது. நான்கு நாள் ஆட்டம் பென் டிரைவில் பூட்டிக் கிடந்தது. எந்த ஸ்டோர், எந்த ஆட்டம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இது எந்த ஸ்டோரிலும் நடக்கக்கூடியது. ஆனால் அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு பையன் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருக்க மாட்டான். தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏன் இந்தத் தொல்லை என்று கேட்பவர்களுக்கு. எங்கள் கிராமம் வேதாரண்யம் சாலையில் இருக்கிறது. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. செல்போனில் நாளொன்றுக்கு 2 ஜிபி. 60 ஜிபி ஆட்டத்தை அதில் இறக்கினால் சரியாக ஒரு மாதம், அதற்குள் அப்பாவும் அம்மாவும் யூடியூப் பார்க்காமல் இருந்தால். கடையில் 40 எம்பிபிஎஸ் லைன். அதே ஆட்டம் மூன்றரை மணி நேரத்தில் இறங்கும். ஆக, கடையில் இறக்கு, டிஸ்க்கில் சும, வீட்டில் நிறுவு. இதற்குத் தோதானது ஆஃப்லைன் இன்ஸ்டாலர் ஒன்றுதான்.

இன்னொரு காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தெருவில் நிற்கிற கம்பம் ஒன்று இல்லை. கரண்ட் வர வாரக்கணக்கானது, டவரும் படுத்துவிட்டது. வாடகை ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும்போது, அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊரே செல்போனைச் சார்ஜ் போட்டுக்கொள்ளும். நானும் ஒருநாள் லேப்டாப்பைச் செருகினேன். மருமகனுக்கு அப்போது ஆறு வயது. எதையாவது போடச் சொல்லி அழுதுகொண்டிருந்தான். கிளையன்ட் வழியாக நிறுவிய இரண்டு ஆட்டங்கள் லாகின் கேட்டு நின்றன. பழைய டிஸ்க்கில் கிடந்த ஒரு இன்ஸ்டாலரை நிறுவினேன், ஓடியது. அன்றிலிருந்து இன்ஸ்டாலர் தராத இடத்தில் நான் ஆட்டம் வாங்குவது அபூர்வம்.

இன்ஸ்டாலர் தருகிற இடங்கள் அதிகம் இல்லை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. அதில் முதன்மையானது, அங்கே விற்பதே டி.ஆர்.எம். பூட்டு (ஸ்டோரின் அனுமதி இல்லாமல் ஆட்டம் ஓடாதபடி போடும் பூட்டு) இல்லாத ஆட்டங்கள்தான். இட்ச்.ஐஓவில் சிறிய ஆட்டங்களை ஜிப் ஃபைலாக நேரடியாக இறக்கலாம். அங்கே ஆட்டம் செய்தவர்களே ஃபைலை ஏற்றுவதால், அவர்கள் ஏற்றினால் உண்டு, மறந்தால் இல்லை. ஹம்பிள் ஸ்டோரிலும் சில ஆட்டங்களுக்குப் பூட்டு இல்லாத ஃபைல் உண்டு. ஸ்டீமில் ‘பேக்கப்’ என்று ஒரு வசதி இருக்கிறது, ஆனால் அதைத் திரும்ப நிறுவ ஸ்டீம் கிளையன்டே வேண்டும். அதை ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று நினைத்து ஏமாற வேண்டாம். கலிபோர்னியாவில் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ‘வாங்கு’ என்று பட்டன் வைத்து உரிமம் மட்டும் விற்கும் ஸ்டோர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. அந்தச் சட்டத்திலேயே, நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய சரக்குக்கு விலக்கு உண்டு. நம் கையில் இருக்கும் ஃபைலின் மதிப்பு அதுதான்.

ஏன் தாமதம்

கிளையன்ட் ஆட்டத்தை ஒரே மூட்டையாக வைத்திருப்பதில்லை, துண்டு துண்டாக வைத்திருக்கிறது. புது பில்டு (ஆட்டத்தின் புதிய தொகுப்பு) ஏறியதும் மாறிய துண்டுகளை மட்டும் இறக்கிப் பழையவற்றின் இடத்தில் வைக்கும். 300 எம்பி.யில் வேலை முடிந்துவிடும். ஆஃப்லைன் இன்ஸ்டாலருக்கு அந்த வசதி இல்லை. மொத்த ஆட்டத்தையும் எடுத்து அழுத்திக் கட்ட வேண்டும். 4 ஜிபி.க்கு உட்பட்ட பாகங்களாக அறுக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். நிறுவிப் பார்க்க வேண்டும். சர்வரில் ஏற்ற வேண்டும். விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, டி.எல்.சி. (ஆட்டத்துக்குத் தனியாக வரும் கூடுதல் பகுதி) ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இதற்கு நடுவில் ஆட்டம் செய்தவர்கள் இன்னொரு சின்னப் பேட்ச் (திருத்தம்) விட்டுவிட்டால் கட்டிய மூட்டையை அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதனால் ‘இரண்டு நாளில் இன்னொன்று வரும், சேர்த்துக் கட்டுவோம்’ என்று யாராவது முடிவெடுப்பது இயல்பு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கிளையன்ட்டில்தான் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

எங்களுக்கு இந்தக் கணக்கு பழக்கம்தான். 2021இல் மேட்டூர் திறந்தது ஜூன் 12, கல்லணை திறந்தது 16. கல்லணையில் வெண்ணாற்றில் விட்ட தண்ணீர் மூணாறு தலைப்பு என்ற மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி, மேலே இருப்பவர்கள் பாய்ச்சியது போக, மிச்சம்தான் எங்கள் வயலுக்கு. மேட்டூரில் பூத் தூவுவதை டிவியில் பார்த்துவிட்டு அன்றைக்கே விதை ஊறப்போடுகிற ஆள் எங்கள் ஊரில் இல்லை. பேட்ச் நோட்ஸ் படித்த அன்றைக்கே பழைய இன்ஸ்டாலரை அழிப்பதும் அதே வேலைதான். நான் ஒருமுறை அழித்தேன். 38 ஜிபி. திரும்ப இறக்கியது அதே பழைய வெர்ஷன்.

கையில் இருப்பது எந்த வெர்ஷன்

இறக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. பேட்ச் நோட்ஸை நம்பாதீர்கள். ஸ்டோர் பக்கத்தில் இருக்கும் மாற்றப் பட்டியல் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறது, நீங்கள் இறக்கப்போகும் ஃபைலைப் பற்றி அல்ல. ஃபைல் பெயரைப் பாருங்கள். ஜி.ஓ.ஜி. இன்ஸ்டாலர்களில் ‘செட்டப்’ என்ற சொல், ஆட்டத்தின் பெயர், வெர்ஷன் எண், பிறகு அடைப்புக்குறிக்குள் ஐந்தாறு இலக்கத்தில் ஒரு பில்டு எண் என்று வரிசையாக இருக்கும். வெர்ஷன் எண்ணைவிட எனக்கு அந்த அடைப்புக்குறி எண்தான் முக்கியம். சில ஆட்டக்காரர்கள் வெர்ஷன் எண்ணை மாற்றாமலே சின்னத் திருத்தங்களை விட்டுவிடுவார்கள். பில்டு எண் மாறிவிடும். பெரிய இன்ஸ்டாலரை இறக்கத் தொடங்கியதும் முதலில் வருகிற சின்ன ‘எக்ஸ்இ’ (.exe) ஃபைலின் பெயரைப் பார்த்து, நம்மிடம் இருப்பதே என்றால் மீதியை நிறுத்திவிடலாம். இந்த ஒரு பழக்கத்தால் எனக்கு மிச்சமான டேட்டா கொஞ்சமல்ல.

பெயரில் ஒன்றும் இல்லாத ஃபைலுக்கு இன்னொரு வழி. எக்ஸ்இ மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவலைத் திறந்தால், கையெழுத்துப் போட்ட தேதியும் நேரமும் இருக்கும். மூட்டை கட்டிய தேதி ஏறக்குறைய அதுதான். ஃபோல்டரில் தெரியும் ‘மாடிஃபைடு’ தேதி பல சமயம் நீங்கள் இறக்கிய தேதியாக இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பேட்ச் மார்ச் 20 வெளியானது, கையெழுத்து பிப்ரவரி 2 என்றால், உள்ளே புதுச் சரக்கு இல்லை. பத்து விநாடி வேலை.

ஃபைல் பெயரை ஒருபோதும் மாற்றாதீர்கள். எங்கள் கடைக்கு வரும் ஒரு தம்பி, எல்லா எக்ஸ்இ.யையும் தமிழில் அழகாகப் பெயர் மாற்றி வைத்திருந்தான். கூட வரும் ‘பின்’ (.bin) பாகங்கள் பழைய பெயரிலேயே இருந்தன. இன்ஸ்டாலர் தன் பெயரை வைத்துத்தான் பாகங்களைத் தேடும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் ‘அடுத்த டிஸ்க்கைப் போடு’ என்று கேட்டு நிற்கும். அடையாளம் வேண்டுமானால் ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள்: ஆட்டம், வெர்ஷன், தேதி.

காத்திருக்கும்போது: ஃபோல்டரையே தூக்குவது

இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே மருமகனைச் சமாதானப்படுத்தியிருப்பேன். பூட்டு இல்லாத ஆட்டமாக இருந்தால், கிளையன்ட் நிறுவிய ஃபோல்டரே போதும். இணையம் இருக்கும் கம்ப்யூட்டரில் கிளையன்ட் வழியாகப் புது வெர்ஷனை நிறுவுங்கள். பிறகு கிளையன்ட்டை முழுவதுமாக மூடுங்கள். மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் போதாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், அங்கே வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள். ஆட்டத்தின் ஃபோல்டருக்குள் போய் அதன் எக்ஸ்இ.யை நேரடியாக இயக்குங்கள். ஓடினால் அந்த ஃபோல்டர் எங்கே போனாலும் ஓட வாய்ப்பு அதிகம். ஓடாமல் கிளையன்ட்டை அழைத்தால் அந்த ஆட்டத்துக்கு இந்த வழி இல்லை.

அப்படியே காப்பி எடுத்தால் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள், ஹார்டு டிஸ்க் மாட்டு வண்டி மாதிரி நகரும். 7-ஜிப்பில் ஒரே ஃபைலாகக் கட்டுங்கள். அழுத்தும் அளவைக் குறைந்தபட்சமாக வையுங்கள். ஆட்டங்களின் படங்களும் ஒலியும் ஏற்கெனவே அழுத்தப்பட்டவை, அதிகம் வைத்தால் நேரம்தான் போகும், அளவு குறையாது. பென் டிரைவ் எஃப்.ஏ.டி. 32 வகை என்றால் 4 ஜிபி.க்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, இடம் இருந்தாலும் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று மறுக்கும். அதை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள், அல்லது 7-ஜிப்பிலேயே பாகங்களாகப் பிரியுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விரித்து இயக்கினால் விசி ரன்டைம் 140 என்ற டி.எல்.எல். ஃபைலைக் காணோம் என்று வரலாம். ஆட்டம் கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். இன்ஸ்டாலர் தானாக நிறுவியிருக்க வேண்டிய மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு இல்லை, அவ்வளவுதான். 64 பிட், 32 பிட் இரண்டையும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கி டிஸ்க்கில் எப்போதும் வைத்திருங்கள். இரண்டும் சேர்ந்தாலும் சின்ன ஃபைல்கள்தான். டி.எல்.எல். ஃபைலை மட்டும் தனியாகத் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். கடைக்கு வைரஸோடு வரும் கம்ப்யூட்டர்களில் நான் கேட்கும் முதல் கேள்வியே “டி.எல்.எல். தேடினியாப்பா?” என்பதுதான். சில பழைய ஆட்டங்கள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தங்கள் இடத்தை எழுதிவைத்துத் தேடும். அவற்றுக்குப் பழைய இன்ஸ்டாலரை முதலில் நிறுவி, அதே ஃபோல்டரின் மேல் புதிய ஃபோல்டரைப் போடுங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

கிளையன்ட்டை அடக்குவது

இதே சிக்கலுக்கு வேறு பக்கத்திலிருந்தும் வரலாம். வீட்டில் இருப்பது 1.3 என்றால் கடையிலும் 1.3 இருக்கட்டும். ஜி.ஓ.ஜி.யின் கிளையன்ட்டான கேலக்ஸியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தலாம். பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப்போகவும் பல ஆட்டங்களில் வழி உண்டு. இரண்டு இடத்தில் ஒரே சேவ் ஃபைலை வைத்து ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுவிய முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும். நான் செய்யாததால்தான் மேலே சொன்ன கதை.

சேவ் ஃபைலைப் பற்றி இரண்டு பேச்சு இல்லை: அப்டேட்டுக்கு முன்னால் காப்பி எடுங்கள். பழைய சேவ் ஃபைலைப் புதிய வெர்ஷன் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஏற்றதும் அதைப் புதிய முறையில் திருத்தி எழுதிவிடும். பிறகு பழைய வெர்ஷன் அதைத் தொடாது. இது ஒருவழிப் பாதை. சேவ் எங்கே இருக்கிறது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். டாக்குமென்ட்ஸில் ‘மை கேம்ஸ்’ ஃபோல்டர், யூசர் பெயருக்குக் கீழே ‘சேவ்டு கேம்ஸ்’, இல்லாவிட்டால் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர். ஸ்டார்டியூ வேலி கடைசியாகச் சொன்னதில் வைக்கிறது. (அந்த ஆட்டம் எங்கள் வீட்டில் பிரபலம். விதைத்த நாலாம் நாள் பார்ஸ்னிப் அறுவடை என்று பையன் காட்டியதும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “ஆடுதுறை 36 நெல்லே 110 நாளுடா. என்ன உரம் போடுறான் இவன்?”) கிளவுட் சேவும் (ஸ்டோரின் சர்வரில் தங்கும் சேவ் நகல்) ஒரு வில்லங்கம். வீட்டில் இருபது மணி நேரம் ஆடிவிட்டுச் சேவ் ஃபைலைக் கடைக்குக் கொண்டுவந்து வைத்தால், கிளையன்ட் கிளவுடில் இருக்கும் பழைய சேவ் ஃபைலைக் கொண்டுவந்து அதன் மேல் எழுதிவிட வாய்ப்பு உண்டு. எது வேண்டும் என்று கேட்டால் தேதி பார்த்துச் சொல்லுங்கள். பென் டிரைவில் இருப்பதை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

தனிப் பேட்ச் ஃபைல் கிடைக்கும் இடத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம், 40 ஜிபி.க்குப் பதில் 800 எம்பி.யில் முடியும். ஆனால் பேட்ச் ஃபைலின் பெயரிலேயே எந்த பில்டில் இருந்து எந்த பில்டுக்கு என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்களிடம் நிறுவியிருப்பதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். நடுவில் ஒரு பேட்ச் விட்டுப்போனால் அதையும் தேடிப் பிடித்து வரிசையாகப் போட வேண்டும். மாட் (ஆடுகிறவர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) போட்டு ஃபைல்களை மாற்றியிருந்தால் பேட்ச் பாதியில் நிற்கும். மாட்டை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

டி.எல்.சி. வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடிப்படை ஆட்டத்தின் இன்ஸ்டாலர் புதுசாகி, டி.எல்.சி. இன்ஸ்டாலர்கள் பழசாகவே ஓரிரு நாள் இருப்பதுண்டு. இரண்டும் ஒரே வெர்ஷன் எண்ணுக்கு வரும்வரை எதையும் நிறுவாதீர்கள். கலந்து நிறுவினால் ஆட்டம் திறக்கும், முக்கால்வாசி ஓடும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது. எப்போதும் அடிப்படை முதலில், டி.எல்.சி. பிறகு.

அவசரம் தேவைதானா என்பதையும் யோசியுங்கள். சைபர்பங்க் 2077 வெளியானது 2020 டிசம்பர் 10. அந்த மாதம் 23ஆம் தேதிக்குள் 1.06 வரைக்கும் பேட்ச்கள் வந்துவிட்டன, 8 எம்பி.யைத் தாண்டினால் சேவ் கெட்டுப்போகும் கோளாறு அந்த 1.06இல்தான் கணினிக்குச் சரியானது. முதல் வாரம் முண்டியடித்து இன்ஸ்டாலரை இறக்கியவர் அதே மாதத்தில் மறுபடி மறுபடி இறக்கியிருப்பார். விட்சர் 3க்கு 2022 டிசம்பர் 14 வந்த 4.00 அப்டேட் வேறு மாதிரி. அது படத்தின் தரத்தை ஏற்றியது, கூடவே கம்ப்யூட்டரின் சுமையையும் ஏற்றியது, பழைய மாட்கள் பலவற்றை உடைத்தது. பழைய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்த எனக்கு 1.32 இன்ஸ்டாலர் டிஸ்க்கில் இருந்தது சௌகரியமாகப் போயிற்று. இன்றைக்கும் அதில்தான் ஆடுகிறேன். அதனால் எந்த ஆட்டத்துக்கும் கடைசி இரண்டு இன்ஸ்டாலர்களை வைத்திருங்கள். புதியது நிறுவி, சேவ் திறந்து, ஒரு வாரம் ஓடிய பிறகு மூன்றாவதை அழியுங்கள்.

இறக்குவதில் எனக்கு இருக்கும் தொல்லை கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பேப்பரில் பார்த்துவைத்து, அதற்கு முந்தின இரவு போடுவேன். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் சம்பா வாரத்தில் ஆட்டம் பக்கமே போவதில்லை. வாசலில் சிட்டாவும் அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது பேர் நிற்கும்போது லைனை ஆட்டத்துக்குக் கொடுத்தால் செருப்படிதான். பாகம் பாகமாக இறக்குங்கள். ஒரு பாகம் முழுதாக வந்ததா என்று பைட் கணக்கில் அளவைப் பாருங்கள். ஸ்டோர் எம்.டி.5 எண் (ஃபைலின் கைரேகை மாதிரி) கொடுத்திருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள். கொடுக்காவிட்டாலும், கடையில் இருக்கும்போதே 7-ஜிப் வலது கிளிக் பட்டியில் இருக்கும் எஸ்.ஹெச்.ஏ. 256 கணக்கை (இதுவும் அதே மாதிரி ஒரு கைரேகைதான்) எடுத்து எழுதிவைத்து, டிஸ்க்குக்குக் காப்பி ஆன பிறகு மறுபடி எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் காப்பி சுத்தம். கடைசி எட்டு எழுத்துகளைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. கம்ப்யூட்டரில் வேண்டாம், காகிதத்தில். மருமகன்தான் கணக்குப்பிள்ளை. ஆட்டம், கிளையன்ட்டில் என்ன வெர்ஷன், டிஸ்க்கில் என்ன வெர்ஷன், பில்டு எண், கையெழுத்துத் தேதி, டி.எல்.சி. எத்தனை, சேவ் காப்பி எடுத்தாயிற்றா. மாதத்துக்கு ஒருமுறை, அநேகமாக அமாவாசைக்குக் கடை லீவு விடும் அன்று, உட்கார்ந்து ஒப்பிடுவோம். தினமும் பார்ப்பது மடத்தனம், தினமும் பார்த்தால் கோபம்தான் வரும்.

மூன்று வாரம் தாண்டியும் இன்ஸ்டாலர் மாறாவிட்டால் ஸ்டோரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். முடிந்த மட்டும் சின்னதாக. ‘எப்போது வரும்?’ என்று கேட்டால் ‘விரைவில்’ என்று பதில் வரும், அதை வைத்து என்ன செய்வது. நான் எழுதியது ஐந்து வரி: ஆட்டத்தின் பெயர், கிளையன்ட்டில் இருக்கும் வெர்ஷனும் பில்டு எண்ணும், ஆஃப்லைன் இன்ஸ்டாலரின் முழு ஃபைல் பெயர், எந்த இயங்குதளம், எந்த மொழி, இரண்டும் ஒத்துப்போகவில்லை, இன்ஸ்டாலரைப் புதுப்பிக்க வேண்டும் என்ற வேண்டுகோள். வீட்டில் இணையம் இல்லை, பையன் அழுகிறான் என்பதையெல்லாம் எழுதவில்லை. கையெழுத்துத் தேதி தெரியும் படத்தை மட்டும் இணைத்தேன். படம் இருந்தால், ‘பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள்’ என்று முதல் பதில் வருவது குறையும்.

எனக்கு மறுநாளே பதில் வந்தது, உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று. நான்காம் நாள் ஃபைல் பெயரில் எண் மாறியிருந்தது. நான் எழுதியதால் மாறியதோ, மாற இருந்ததுதான் மாறியதோ. அன்று இரவே இறக்கி, எட்டு எழுத்துகளைச் சரிபார்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவனோ முதலில் நிறுவவில்லை. பென் டிரைவில் இருந்த சேவ் ஃபைலை வேறொரு ஃபோல்டரில் காப்பி போட்டுவிட்டுத்தான் இன்ஸ்டாலரைத் தொட்டான். நோட்டில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் அவன் கையெழுத்தில் ‘தெறந்துச்சு’ என்று இருக்கிறது.